முகாம்ல வளர்ற பிள்ளைங்க மனசைப் பெருந்தொற்று காலத்துல எப்படி பாத்துக்கிறது: வாலன்டியர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தமிழ்நாட்டுல இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம்கள்ல மாலை வகுப்பு எடுக்கிறவங்க, யூத் கிளப் நடத்துறவங்க, அங்கன்வாடி அக்காமார், அப்புறம் வெளியில இருந்து வந்து உதவி பண்ற காலேஜ் பிள்ளைங்க, உங்க எல்லாருக்காகவும்தான் இதை எழுதுறேன். நான் முகாம்லயே பொறந்து வளர்ந்தவ, கொரோனாவுக்கு முன்னாடியும் கொரோனா நேரத்துலயும் சாயந்தர வகுப்பு எடுத்தவ. டாக்டர் கிடையாது. 2020, 2021 ரெண்டு வருஷமும் 12 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களோட இருந்து எது வேலை செஞ்சுது எது செய்யலைன்னு பார்த்ததையும், அந்த நேரத்துல எடுத்த ட்ரெய்னிங்ல கத்துக்கிட்டதையும் சேர்த்து சொல்றேன். அடுத்து எந்த நோய் வந்து கேட்டை மூடினாலும் இது உதவணும்.

ஒண்ணை மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். எல்லாரும் "கவுன்சிலிங் குடுங்க, கவுன்சிலிங் குடுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. ஆனா முகாம் பிள்ளைக்கு முதல்ல வேணும்கிறது காலையில எழும்ப ஒரு காரணம், பேச ஒரு மறைவான இடம், பொய் சொல்லாத ஒரு பெரிய ஆள். இந்த மூணும் இருந்தா பாதிப் பேர் தானா நிமிர்ந்துடுவாங்க, மிச்சப் பேரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதும் ஈஸியாகிடும்.

தொடங்குறதுக்கு முன்னாடி: இந்தப் பிள்ளைங்க நிலைமை

1983க்கு அப்புறம் அலை அலையா வந்தவங்க நாங்க, 1990ல வந்தவங்க நிறைய, 2006க்கு மேல வந்தவங்களும் உண்டு, 2022ல இலங்கையில பொருளாதாரம் விழுந்தப்போ படகுல வந்து ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாம்ல தங்கினவங்களும் இருக்காங்க. இன்னைக்கும் நூத்துக்கு மேல முகாம், அதுல 58 ஆயிரம் பேருக்கு கிட்ட இருக்காங்க. இப்ப பத்தாவது பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க இங்கேயே பொறந்தவங்க, யாழ்ப்பாணத்தையோ வவுனியாவையோ போட்டோலதான் பார்த்திருப்பாங்க. அதனால வெளியில இருந்து வர்றவங்க "இவங்க போரைப் பார்க்கலயே, இவங்களுக்கு என்ன பாதிப்பு"ன்னு நினைக்கிறாங்க. அந்தப் பிள்ளைக்கு இடம்பெயர்வுங்கிறது பழைய ஞாபகம் கிடையாது, தினசரி வாழ்க்கை. அதிகாரிங்க வந்து ஆள் எண்ணுற செக்கிங் நாள்ல வீட்ல இருந்தாகணும், வெளியூர் போகணும்னா சொல்லிட்டுப் போகணும், ஸ்கூல்ல ஃபார்ம் நிரப்பும்போது நாடுங்கிற கட்டத்துல பேனா நிக்கும்.

இதுக்கு மேலதான் 2020 மார்ச்ல லாக்டவுன் வந்துச்சு. எங்க ஆம்பளைங்கள்ல நிறைய பேருக்கு பெயிண்டிங் வேலைதான், அது ஒரே நாள்ல நின்னு போச்சு. பத்துக்குப் பத்து ரூம்ல அஞ்சு பேர், பொதுக் குழாய், பொது டாய்லெட். "வீட்டுக்குள்ளேயே தனியா இருங்க"ன்னு டிவில சொல்றாங்க, எங்க தனியா இருக்கிறது?

இன்னொண்ணு, இது வெளி ஆளுங்களுக்குத் தெரியாது. ஊரடங்குன்னு நியூஸ்ல வந்த அன்னைக்கே எங்க லைன்ல, அதாவது எங்க வீட்டு வரிசையில, இருந்த அம்மம்மாமார் எல்லாம் அரிசி, மண்ணெண்ணெய், நெருப்புப்பெட்டின்னு சேர்த்து வைக்கத் தொடங்கிட்டாங்க, முக்கியமான பேப்பரை எல்லாம் ஒரு பையில போட்டு தலைமாட்டுல வெச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கு அது நோய்க்கான ஊரடங்கு இல்ல, இலங்கையில பார்த்த ஊரடங்குதான் திரும்பி வந்துச்சு. பக்கத்துல படுத்திருந்த 13 வயசுப் பிள்ளை அந்தப் பையைப் பார்த்துக்கிட்டேதான் தூங்கப் போகும். அந்தப் பயத்தை யாரும் வாயால சொல்லிக் குடுக்கல, ஆனாலும் பிள்ளைக்கு வந்துடும். ஒரு பிள்ளை காரணமே இல்லாம பயப்படுதுன்னா வீட்ல பெரியவங்க என்ன செய்யுறாங்கன்னு ஒரு தடவை பாருங்க.

முதல் படி: யார் யார் இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கோங்க

ஒரு நோட் போடுங்க. ஒவ்வொரு லைனா 10 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் யார் இருக்கா, எந்த கிளாஸ், யாரோட இருக்காங்க, வீட்ல போன் எத்தனை, அந்த போன் பகல்ல யார் கையில இருக்கும். கடைசியா ஒரு கேள்வி, "உனக்கு ஏதாவதுன்னா முதல்ல யார்கிட்ட சொல்லுவ?" இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். யாரும் இல்லைன்னு சொல்ற பிள்ளைங்க பேருக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வைங்க, அவங்களைத்தான் நீங்க முதல்ல அடிக்கடி பார்க்கணும்.

முகாம்ல லிஸ்ட் எடுத்தாலே ஜனங்க பயப்படுவாங்க, அது நியாயமான பயம்தான், எங்க வாழ்க்கையே லிஸ்ட்லதான் ஓடுது. அதனால முகாம் தலைவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இந்த நோட் எந்த ஆபீஸுக்கும் போகாதுன்னு வீட்டுக்கு வீடு சொல்லுங்க, சொன்னபடியே நடந்துக்கோங்க. நோட்ல யாரோட பிரச்சனையையும் எழுதாதீங்க. "அப்பா குடிக்கிறார்", "கையைக் கீறிக்கிறா" இதெல்லாம் எழுதி வெச்சு அது வேற யார் கையிலயாவது கிடைச்சா அந்தப் பிள்ளைக்கு முகாம்லயே இருக்க முடியாம போயிடும். புள்ளி போதும்.

ரெண்டாவது படி: நாளுக்கு ஒரு ஒழுங்கு

2020 மார்ச் நடுவுல ஸ்கூல் மூடினாங்க. பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் 2021 ஜனவரி 19லதான் திறந்தாங்க, அப்புறம் ரெண்டாவது அலை வந்து மறுபடியும் மூடி, 9ல இருந்து 12 வரைக்கும் செப்டம்பர் 1லயும் சின்னக் கிளாஸுங்களுக்கு நவம்பர் 1லயும் திறந்தாங்க. ஒண்ணரை வருஷத்துக்கு மேல ஒரு பிள்ளைக்கு மணின்னு ஒண்ணு இல்லாம போச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன், பகல்ல 11 மணிக்கு எழும்புறது, சாப்பாடு ஒரு நேரம், குளிக்கிறது ரெண்டு நாளைக்கு ஒருக்கா. இதைப் பார்த்து சோம்பேறின்னு திட்டுவாங்க. தூக்கம் தலைகீழானா மனசும் கூடவே விழும், மனசு விழுந்தா தூக்கம் இன்னும் கெடும். எங்கேயாவது ஒரு இடத்துல பிடிக்கணும், பிடிக்க ஈஸியான இடம் காலை எழும்புற நேரம்தான். தூங்குற நேரத்தை நாம கட்டாயப்படுத்த முடியாது, எழும்புற நேரத்தை முடியும்.

நாங்க செஞ்சது ரொம்ப சிம்பிள். காலையில 7 மணிக்கு ஒரு வேலை, பகல்ல ஒரு மணி நேரம் படிப்பு, சாயந்தரம் உடம்பு வேர்க்கிற மாதிரி ஒரு விளையாட்டு. இந்த மூணு மட்டும் தினமும் அதே நேரத்துக்கு. மிச்ச நேரம் அவங்க இஷ்டம். முழு நாளுக்கும் டைம்டேபிள் போட்டா மூணாவது நாளே கிழிச்சுடுவாங்க.

காலை வேலைன்னா உண்மையிலேயே மத்தவங்களுக்குத் தேவைப்படுற வேலையா இருக்கணும். குழாயடியில தள்ளி நிக்கிறதுக்கு சுண்ணாம்புல வட்டம் போடுறது, தனியா இருக்கிற வயசானவங்களுக்கு குடம் தூக்கிக் குடுக்கிறது, ரேஷன் எப்ப வருதுன்னு போர்டுல எழுதுறது, ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்கிறது. வீட்ல யாருக்கும் பிரயோஜனம் இல்லாம கிடக்கிறோம்னு நினைச்சிட்டிருந்த ஒரு பையன், குழாயடி வட்டத்தை அழியாம பாத்துக்கிற பொறுப்பு அவனுக்கு வந்ததும், மழை பெஞ்ச மறுநாள் யாரும் கூப்பிடாமலே எழும்பி வந்து திரும்ப வரைஞ்சான். அவனுக்கு நாங்க ஒரு வார்த்தை அட்வைஸ் பண்ணல.

படிப்புக்கு கல்வித் தொலைக்காட்சி இருந்துச்சு, ஆனா எல்லா வீட்லயும் டிவி ஒழுங்கா ஓடாது, ஆன்லைன் கிளாஸுக்கு ஒரு போனுக்கு மூணு பிள்ளைங்க. அதனால அஞ்சாறு பேரா பிரிச்சு மரத்தடியில தள்ளித் தள்ளி உட்கார வெச்சு மாஸ்க்கோட படிக்க வைங்க, ஒரு போனை நடுவுல வெச்சா அஞ்சு பேர் கேக்கலாம். தொற்று கூடுற நேரத்துல இதையும் நிறுத்த வேண்டி வரும், அப்ப ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு ஒர்க்‌ஷீட் குடுத்துட்டு சாயந்தரம் போய் வாங்கிக்கோங்க. அந்த வாசல்ல நடக்கிற ரெண்டு நிமிஷப் பேச்சுதான் முக்கியம், ஒர்க்‌ஷீட் ஒரு சாக்கு.

மூணாவது படி: பேச இடமும், கேக்குற முறையும்

முகாம் வீட்ல ரகசியம்னு ஒண்ணும் கிடையாது. நடுவுல ஒரு தட்டி, அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் கேக்கும். அதனால "வீட்ல உட்கார்ந்து மனசு விட்டுப் பேசலாம்"ங்கிறது இங்க நடக்காது. எல்லாரும் பார்க்கிற மாதிரி ஆனா யாருக்கும் கேக்காத மாதிரி ஒரு இடம் வேணும். கிரவுண்டை சுத்தி நடந்துக்கிட்டே பேசுறது, தண்ணி டேங்க் பக்கம் குடம் நிரம்புற நேரம், இதெல்லாம் நல்ல இடம். முகத்துக்கு நேரா உட்கார்ந்தா வாயைத் திறக்காத பிள்ளை பக்கத்துல நடந்தா பேசும். பொம்பளைப் பிள்ளைங்ககிட்ட பொம்பளை வாலன்டியர்தான் பேசணும். எந்தப் பிள்ளையையும் மறைவான ரூமுக்கு தனியா கூட்டிட்டுப் போகக் கூடாது, அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

உலக சுகாதார நிறுவனம் 2011ல வெளியிட்ட உளவியல் முதலுதவி முறையில மூணே விஷயம்தான்: பாரு, கேளு, சேர்த்துவிடு. பார்க்கிறதுன்னா ஆபத்துல இருக்கானா, சாப்பிட்டானா, யாரோட இருக்கான்னு பார்க்கிறது. கேக்குறதுன்னா கேக்குறது மட்டும்தான். சேர்த்துவிடுறதுன்னா அவனுக்குத் தேவையான ஆள்கிட்டயோ இடத்துகிட்டயோ கொண்டு போய் விடுறது. நம்மாளுங்க முதலாவதையும் மூணாவதையும் நல்லா செய்வாங்க, நடுவுல இருக்கிறதுதான் வராது.

ஒரு உதாரணம். பத்தாவது படிக்கிற தம்பி ஒருத்தன், சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடக்கான்னு அவன் அம்மா சொன்னாங்க. நான் போய், "என்ன தம்பி செய்யுறாய்?"ன்னேன். "சும்மா இருக்கன் அக்கா." அவ்வளவுதான். "ஏன் இப்படி படுத்தே கிடக்கிற, எழும்பி படி"ன்னு சொல்லியிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். "சரி, குடத்தைத் தூக்கிட்டு வா, எனக்குக் கை வலிக்குது"ன்னேன். வந்தான். டேங்க்ல தண்ணி மெதுவாத்தான் வந்துச்சு. நானும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு அவனா சொன்னான், "பரீட்சையே இல்லையாம் அக்கா, எல்லாரும் பாஸாம்." "அது உனக்கு எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். "நான் அரையாண்டுல சும்மா எழுதினன், பெரிய பரீட்சைக்குத்தான் படிச்சன், இப்ப அந்த மார்க்தானாம்." 2020 ஜூன்ல பத்தாவது பொதுத் தேர்வை ரத்து பண்ணி, காலாண்டு அரையாண்டு மார்க்குக்கு 80, வருகைப் பதிவுக்கு 20ன்னு போட்டாங்க இல்லையா, ஊரே சந்தோஷப்பட்டப்போ இவனுக்கு அது இடி. நாங்க எல்லாரும் அவன் கொரோனாவுக்குப் பயப்படுறான்னு நினைச்சிட்டிருந்தோம். கேட்டாத்தான் தெரியும்.

இந்த வார்த்தைகளை மட்டும் தயவு செஞ்சு விட்டுடுங்க: "எங்க காலத்துல தலைக்கு மேல குண்டு விழுந்துச்சு, இதெல்லாம் ஒரு கஷ்டமா", "உன்னை விட கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்", "பாசிட்டிவா நினை". சொல்றவங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா அதுக்கு மேல அந்தப் பிள்ளை உங்ககிட்ட எதையும் சொல்லாது. அதுக்குப் பதிலா "ம், அப்புறம்?", "அது நடந்தப்போ யார் பக்கத்துல இருந்தாங்க?", "இப்ப இதுல எது ரொம்ப பாரமா இருக்கு?" போதும்.

ரகசியத்தைப் பத்தி முதல் நாளே தெளிவா சொல்லுங்க. "நீ சொல்றதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ யாராவது உன்னைத் தப்பா தொட்டாங்கன்னாலோ நான் ஒருத்தர்கிட்ட சொல்லியே ஆகணும், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." பாலியல் தொல்லைன்னு தெரிஞ்சா, பிள்ளைங்களைப் பாலியல் குற்றத்துல இருந்து பாதுகாக்கிற போக்சோ சட்டப்படி புகார் சொல்றது கட்டாயம், முகாமுக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்னு யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க. குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க.

நாலாவது படி: படபடப்பு வர்றப்போ உடம்பை அடக்க

இது சின்ன விஷயம், எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க, சும்மா இருக்கிற நேரத்துலயே பழக்குங்க. மூக்கால நாலு எண்ணுற வரைக்கும் மூச்சை இழுத்து, ஆறு எண்ணுற வரைக்கும் வாயால மெதுவா விடணும், அஞ்சு நிமிஷம். வெளிய விடுற மூச்சு நீளமா இருக்கிறதுதான் முக்கியம், அதுலதான் இதயத் துடிப்பு இறங்கும். ரொம்ப பயந்து போயிருந்தா கண்ணுக்குத் தெரியுற அஞ்சு பொருள், தொட்டுப் பார்க்கக் கூடிய நாலு, காதுல கேக்குற மூணு, வாசனை ரெண்டு, வாயில ருசி ஒண்ணுன்னு சொல்லச் சொல்லுங்க. மாஸ்க் போட்டா மூச்சு முட்டுது, எனக்கு கொரோனா வந்துடுச்சுன்னு அலறின பிள்ளைக்கு இது கேட்டுச்சு. ஆனா ஒண்ணு, நிஜமாவே காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இருக்கான்னு முதல்ல பார்த்துடுங்க, எல்லாத்தையும் பயம்னு ஒதுக்காதீங்க.

அஞ்சாவது படி: "படிச்சு என்ன பண்ணப் போறோம்" அப்படிங்கிற கேள்வி

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமான படி, இதை விட்டுட்டு மனநலம்னு பேசினா அரைகுறைதான். 2019 டிசம்பர்ல குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்துச்சு, அதுல இலங்கைத் தமிழர் கிடையாது. அடுத்த மூணே மாசத்துல லாக்டவுன். வேலையும் இல்லாம வெளியவும் போகாம கிடந்த அந்த நாள்ல 16, 17 வயசுப் பிள்ளைங்க போன்ல இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாங்க, எங்களுக்கு என்னதான் ஆகும்னு. முகாமுக்கு வெளிய இருக்கிற பிள்ளைக்கு கொரோனா முடிஞ்சா பழைய வாழ்க்கை திரும்பக் கிடைக்கும். எங்க பிள்ளைக்கு அந்தப் பழைய வாழ்க்கையிலயே பாதி பதில் இல்ல.

இங்க பொய் சொல்லாதீங்க. "எல்லாம் சரியாயிடும், சீக்கிரம் சிட்டிசன்ஷிப் குடுத்துடுவாங்க"ன்னு சொன்னா அன்னைக்கு சிரிப்பாங்க, அடுத்த மாசம் உங்களை நம்ப மாட்டாங்க. மண்டபம் முகாம்ல 1986ல பொறந்த ஒரு பெண் கோர்ட்டுக்குப் போய் இந்திய பாஸ்போர்ட் வாங்கி 2024 தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க, இந்தக் கதை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்லும்போது, இந்தியாவுல 1987 ஜூலை 1க்கு முன்னாடி பொறந்தவங்களுக்குத்தான் பிறப்பால குடியுரிமைங்கிற அந்த வழி நேரா இருக்குன்னும் சேர்த்துச் சொல்லணும், இல்லைன்னா 2007ல பொறந்த பிள்ளை தனக்கும் கிடைக்கும்னு நம்பி உடைஞ்சு போகும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பேப்பரை ரெண்டா மடிங்க, ஒரு பக்கம் "என் கையில இல்லாதது", இன்னொரு பக்கம் "இந்த மாசம் நான் செய்யக் கூடியது". குடியுரிமை, நாடு திரும்புறது, நோய் எப்ப முடியும், இதெல்லாம் முதல் பக்கத்துல எழுதட்டும், எழுதி முடிச்சதும் அதைப் பத்தி பேச விடுங்க, கோபப்பட விடுங்க, அழட்டும். அப்புறம் ரெண்டாவது பக்கம். பாலிடெக்னிக்ல எந்த கோர்ஸ்ல சேரலாம், காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்கு என்ன பேப்பர் வேணும், தாசில்தார் ஆபீஸ்ல எதை வாங்கணும், முகாம்ல இருந்து படிச்சு வேலைக்குப் போன அக்கா அண்ணாமார் யார் இருக்காங்க. அந்த அண்ணாவுக்கு அன்னைக்கே போன் போட்டுக் குடுங்க. 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்க்கு முகாம்களுக்குத் திட்டம் அறிவிச்சு, மறுவாழ்வு முகாம்னு பேரும் மாத்தி, வீடு கட்டுறது, படிப்பு உதவித்தொகையைக் கூட்டுறதுன்னு சொன்னாங்க. அதுல இந்தப் பிள்ளைக்குப் பொருந்துறது எதுன்னு நீங்க தேடிக் குடுத்தீங்கன்னா அதுவும் மனநல வேலைதான்.

ஆறாவது படி: பையன்களுக்கு ஒண்ணு, பொண்ணுங்களுக்கு ஒண்ணு

பையன்கள் 2020 ஜூன், ஜூலைல மெல்ல பெயிண்டிங்குக்குப் போகத் தொடங்கினாங்க. கையில காசு வந்ததும் ஸ்கூல் திறந்தாலும் திரும்பி வரல. வேலைக்குப் போறதை ஒரேயடியா திட்டாதீங்க, அந்தக் காசுலதான் அந்த வீட்ல அரிசி வாங்கியிருப்பாங்க. வாரத்துல ரெண்டு சாயந்தரமாவது வகுப்புக்கு வர வைங்க, ஹெட்மாஸ்டர்கிட்ட பேசி பேரை எடுக்காம பாத்துக்கோங்க. வேலை செய்ற இடத்துல பெரியவங்களோட சேர்ந்து குடிக்கத் தொடங்குறதுதான் பெரிய ஆபத்து, அதுக்கு அட்வைஸ் வேலைக்காகாது, அந்த சாயந்தர நேரத்துல ஒரு வாலிபால் நெட் கட்டியிருந்தா வேலைக்காகும்.

பொண்ணுங்களுக்குப் பிரச்சனை சத்தமில்லாம வரும். ஸ்கூல் மூடினதும் ஸ்கூல்ல கிடைச்சிட்டிருந்த நாப்கின் நின்னு போச்சு, பொது டாய்லெட்டுக்கு பகல்ல ஆம்பளைங்க எல்லாரும் வீட்ல இருக்கிற நேரத்துல நடந்து போகணும், அதுக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருந்த பிள்ளைங்க இருந்தாங்க. அந்தப் பிள்ளை எரிஞ்சு விழுதுன்னா மனசுல தேடுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. கிராம சுகாதார நர்ஸ்கிட்ட நாப்கின் கேட்டு வாங்கி வீட்டுக்கே குடுங்க, சாயந்தரம் டாய்லெட் போக நாலு பேரா சேர்ந்து போறதுக்கு ஏற்பாடு பண்ணுங்க, லைட் எரியலைன்னா தலைவரைக் கேளுங்க. அப்புறம் கல்யாணம். செலவு கம்மி, ஆள் கூட்ட வேண்டாம்னு அந்த நேரத்துல அவசர அவசரமா பேச்சு எடுத்தாங்க. 17 வயசுப் பிள்ளை திடீர்னு வகுப்புக்கு வரலைன்னா ஒரு எட்டு போய்ப் பாருங்க. அம்மாகிட்ட முதல்ல பேசுங்க, பெரும்பாலும் அம்மாவுக்கும் மனசு இருக்காது, "பொண்ணைப் பாதுகாக்க முடியாது"ங்கிற பயம்தான் இருக்கும். பேசியும் நடக்கலைன்னா 1098.

ஏழாவது படி: சாவு நடந்த வீடு

2021 மே மாசம் ரெண்டாவது அலையில நெருங்கின சொந்தம் போனா கூட இருபது பேருக்கு மேல போக முடியல. கடலுக்கு அந்தப் பக்கம் அப்பப்பாவோ பெரியம்மாவோ செத்தா வாட்ஸப் வீடியோலதான் பார்த்தோம், நெட் சிக்கிச் சிக்கி. அந்த வயசுப் பிள்ளைங்க பெரியவங்களை அழ வைக்கக் கூடாதுன்னு தான் அழாம இருப்பாங்க, ரெண்டு மாசம் கழிச்சு வேற ஒரு சின்ன விஷயத்துக்கு வெடிப்பாங்க.

பிள்ளைங்களை காரியத்துல இருந்து ஒதுக்காதீங்க. செத்தவங்களுக்காகச் செய்ற அந்திரட்டிச் சடங்குக்கு என்ன செய்யணுமோ அதுல ஒரு வேலையை அவங்ககிட்ட குடுங்க, படத்துக்குப் பூ கட்டுறது, விளக்கு பாத்துக்கிறது, இல்லைன்னா செத்தவங்களைப் பத்தி ஒரு பக்கம் எழுதி அன்னைக்கு வாசிக்கிறது. கிறிஸ்தவக் குடும்பம்னா ஜெபத்துல ஒரு வாசகம். தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் சில வாரத்துக்கு தடுமாறும், அது வியாதி கிடையாது. ரெண்டு மாசம் தாண்டியும் இறங்குமுகமாவே போனா அடுத்த படிக்குப் போங்க.

எட்டாவது படி: எப்ப டாக்டர்கிட்ட, எப்படி

ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து பிடிச்ச எதுலயும் ஆசை இல்லாம இருக்கிறது, சாப்பாடும் தூக்கமும் ரொம்ப மாறுறது, தன்னைத்தானே காயப்படுத்திக்கிறது, இல்லாத குரல் கேக்குதுன்னு சொல்றது, ஆசையா வெச்சிருந்த பொருளை எல்லாம் மத்தவங்களுக்குக் குடுக்கிறது, "நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி"ன்னு பேசுறது. இதுல எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

நேராக் கேளுங்க: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்ச மாதிரி ஆயிடும்னு பயப்படுறாங்க, அப்படி ஆகாது. கேக்குறப்போ அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆளு புரிஞ்சுக்கிட்டாங்கன்னு பாரம் குறையும். ஆமான்னு சொன்னா திட்டாதீங்க, சத்தியம் வாங்காதீங்க, தனியா விடாதீங்க. வீட்ல இருக்கிற பூச்சி மருந்து, மாத்திரை எல்லாத்தையும் எடுத்து வேற வீட்ல வைங்க. அந்த நெருக்கடி நேரம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான், அப்ப கையில எதுவும் கிடைக்காம இருந்தாலே உயிர் தப்பும்.

அப்புறம் பிள்ளையோட சேர்ந்து ஒரு பேப்பர்ல எழுதுங்க: எது வந்தா எனக்கு இந்த எண்ணம் வருது, அப்ப நான் தனியா என்ன செய்வேன், யார் வீட்டுக்குப் போவேன், யாருக்கு போன் பண்ணுவேன், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவேன். இது சும்மா சொல்றது இல்ல. சென்னையில இருக்கிற ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்தோட டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு, தமிழ்நாட்டு இலங்கை அகதி முகாம்கள்லயே முகாம் ஜனங்களையே வாலன்டியரா பழக்கி, வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறதும் இந்த மாதிரி பாதுகாப்புத் திட்டம் எழுதுறதும் செஞ்சு பார்த்திருக்காங்க. கொரோனாவுக்கு முன்னாடியே. நம்மளால முடியுற வேலைதான் இது.

டாக்டர்கிட்ட போகன்னா, ஒவ்வொரு மாவட்டத்துலயும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கு, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில மனநல டாக்டர் இருப்பாங்க, மருந்து ஃப்ரீ. போன்லன்னா 14416, டெலிமானஸ்னு அரசோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். அரசு மருத்துவ உதவி எண் 104லயும் பேசலாம். உயிருக்கு ஆபத்துன்னா 108.

முயற்சி பண்ணிட்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வீட்ல பயப்படுவாங்க, போலீஸ் கேஸ் ஆகும், முகாமைக் கண்காணிக்கிற க்யூ பிராஞ்ச் போலீஸ் வரும், பதிவுல பிரச்சனை வரும்னு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 115வது பிரிவு, அப்படி முயற்சி பண்ணினவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னே எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. இதை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, அந்த நேரத்துல அப்பாகிட்ட காட்ட உதவும். ஒரு நிமிஷம் கூட யோசிக்காம கொண்டு போங்க, கூடவே நீங்களும் போங்க.

ஒம்பதாவது படி: அம்மா அப்பா

அப்பாவுக்கு வேலை இல்ல, 2020 மே மாசம் டாஸ்மாக் திறந்தாங்க, முகாம் குடும்பத்துக்கு அரசு மாசாமாசம் குடுக்கிற டோல் பணம் எங்க போச்சுன்னு வீட்ல சண்டை. அந்த வீட்டுப் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக் குடுத்துட்டு வந்தா எப்படி? அம்மாமாரை வாரத்துக்கு ஒருக்கா கூட்டி அவங்களைப் பேச விடுங்க. பிள்ளைக்கு முன்னாடி கடன் கணக்கு பேசாதீங்க, பேப்பர் பையைத் தலைமாட்டுல வைக்காதீங்கன்னு பதமா சொல்லுங்க. அப்பாமார் கூட்டத்துக்கு வர மாட்டாங்க, அவங்க மதிக்கிற ஒரு பெரியவரை விட்டுப் பேச வைங்க. அடி உதைன்னா பெண்கள் உதவி எண் 181. பிள்ளை அந்த ராத்திரி எந்த வீட்டுக்கு ஓடணும்னு முன்னாடியே முடிவு பண்ணி அந்த வீட்டு ஆள்கிட்டயும் சொல்லி வைங்க.

பத்தாவது படி: நீங்களும், உங்களுக்கு அப்புறம் வர்றவங்களும்

ஒரு ஆள் பத்து பன்னிரண்டு பிள்ளைங்களுக்கு மேல எடுத்துக்காதீங்க. நீங்களும் அதே முகாம்ல அதே லைன்ல அதே கவலையோட இருக்கிறவங்கதான், ராத்திரி உங்களுக்கும் தூக்கம் போகும். ரெண்டு பேர் சேர்ந்து வேலை செய்யுங்க, வாரத்துல ஒரு நாள் பேர் சொல்லாம நடந்ததைப் பேசிக்கோங்க, ஒரு நாள் போனை ஆஃப் பண்ணி வைங்க. பெரிய கேஸ் ஒண்ணு வந்தா தனியா சுமக்காதீங்க, 14416ல வாலன்டியர்னு சொல்லி நீங்களே கூப்பிட்டு என்ன செய்யலாம்னு கேக்கலாம்.

காலேஜ் வாலன்டியர்ஸுக்கு ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட் முடிஞ்சதுன்னு ஒரு நாள் காணாம போயிடாதீங்க. இந்தப் பிள்ளைங்க வாழ்க்கையில சொல்லாம போனவங்க ஏற்கனவே நிறைய. ஒரு மாசம் முன்னாடியே சொல்லுங்க, நோட்ல புள்ளி வெச்ச பிள்ளைங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா சொல்லுங்க, அடுத்து வர்ற அக்காவையோ அண்ணாவையோ கூட்டிட்டுப் போய் ரெண்டு மூணு தடவை சேர்ந்தே பேசுங்க, அந்தப் பிள்ளை அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினதுக்கு அப்புறம் கிளம்புங்க.